பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? புது டிஸ்க் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, வேகம் குறையக் குறைய உதறலும் அடங்குகிறது. பட்டறையில் கேட்டால் சக்கரத்தைக் கழற்றும் முன்பே "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்று பதில் வரும். மாற்றினால் உதறல் போகும், சந்தேகமில்லை. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே உதறல் திரும்ப வந்து நின்றால்? டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பிரேக் தட்டு, நிஜமாகவே வளைவது அபூர்வம். பெரும்பாலும் அதன் வட்டத்தில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போய்விடுகிறது, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் அந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவதைத்தான் நாம் காலிலும் கையிலும் உணர்கிறோம். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே இதற்குப் போதும், கண்ணுக்கோ விரலுக்கோ அது தட்டுப்படாது.

இந்த வித்தியாசம் இரண்டு வழியில் வரும். டிஸ்க்குக்கும் அது உட்காரும் நடுப்பகுதியான ஹப்புக்கும் நடுவே துரு இருந்தாலோ, வீல் நட்டை ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் இறுக்கியிருந்தாலோ டிஸ்க் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். அப்புறம் பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேட்டில் உரசி, அங்கே மட்டும் தேய்ந்துகொண்டே போகும். இன்னொரு வழி, பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் மட்டும் அப்பிக்கொள்வது. முதல் காரணத்தைச் சரிசெய்யாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் புது டிஸ்க்கும் அதே கதிக்குத்தான் போகும்.

முதலில் உதறல் எங்கே என்று பாருங்கள். பிரேக் மிதிக்காமலே ஆடினால் அது டயர் அல்லது வீல் பேலன்சிங் கோளாறு, பிரேக்கைத் தொடவே வேண்டாம். மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் உதறினால் முன் சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரமாக இருக்கலாம். பின்னால் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் உள்ள கார் என்றால் ஆள் நடமாட்டமே இல்லாத நேரான சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்போது அதே அதிர்வு வந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. ஈரச் சாலையில் ஓங்கி மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலை உதைப்பது வேறு விஷயம், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. வீல் அலைன்மென்ட் பண்ணினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காசை மிச்சப்படுத்துங்கள், இந்த உதறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ உதறல் தொடங்கியதா? அப்படியென்றால் செலவே இல்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். காற்றுத் துப்பாக்கியால் வரிசையாக முறுக்கிய நட்டுகளைத் தளர்த்தி, எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையால் இறுக்கி, கடைசியில் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து முடியுங்கள். அளவு காரின் கையேட்டில் இருக்கும், சின்ன கார்களில் பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும்.

அதிலும் போகவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான். சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் போடுங்கள். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். டிஸ்க்கை எடுத்துவிட்டு ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் கம்பி பிரஷால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். பட்டறைகளில் அதிகம் விட்டுவிடும் வேலை இதுதான், உண்மையில் பாதி வைத்தியமும் இதுதான்.

சக்கரம் இல்லாமல் டிஸ்க்கை மட்டும் திரும்ப மாட்டி, எல்லா நட்டையும் போட்டு இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வைத்துச் சுற்றினால் ஆட்டம் எவ்வளவு என்று தெரியும். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. கூடினால் டிஸ்க்கை ஹப்பில் ஒரு ஓட்டை தள்ளி மாட்டிப் பாருங்கள், பல நேரம் குறைந்துவிடும். எப்படி மாட்டினாலும் குறையவில்லையா, ஹப் முகத்தையும் வீல் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் இருந்தால் டிஸ்க்கின் தடிமனை ஏழெட்டு இடத்தில் அளக்கலாம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் சதை இருந்தால் லேத்தில் கடையலாம், இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், பேட்டும் புதிது போடுங்கள். கடைந்ததோ புதிதோ, பிரேக் கிளீனர் விட்டுத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கழற்றிய கையோடு காலிபர் வழுக்கி நகர உதவும் பின்களையும் பாருங்கள். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் புதிதுபோல் இருந்தால் பின் சிக்கியிருக்கிறது. சுத்தம் செய்து பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் சின்ன அதிர்வும் பெரிதாகத் தெரியும், ஆனால் புஷ் மட்டும் மாற்றினால் மூலக் கோளாறு போகாது.

எல்லாம் மாட்டியதும் வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை பம்ப் பண்ணுங்கள். மறந்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், பிரேக் இருக்காது. புது பேட்டுக்கு 60-லிருந்து 15 வரை மிதமாக வேகத்தைக் குறைப்பதை, நடுவே ஆறவிட்டு, எட்டுப் பத்து தடவை செய்யுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம், சூடான பேட் டிஸ்க்கில் அப்புவது அப்போதுதான்.

மலை இறங்கும்போதும் இதுதான் கணக்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கிவிட்டு, அடிவாரத்தில் டீக்கடை முன் பெடலை அழுத்தியபடி நிற்காதீர்கள். இரண்டாவது கியரில் இறங்குங்கள், சமதரையில் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள், நிறுத்தும்போது கியரில் விட்டுக் கல் வையுங்கள். சக்கரம் சுடுகிறதே என்று தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.