கையில் சிப் வைக்கும் முன்: பலர் செய்யும் தவறுகள்

கதவு திறக்க, பணம் செலுத்த என்று கைத்தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது "வலிக்குமா?" என்றுதான். வலிக்கும், சில விநாடிகள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முதலில் கேட்க வேண்டியது வேறு: நாளைக்கு இதை எடுக்க வேண்டி வந்தால் எப்படி எடுப்பது? இதைக் கேட்டுவிட்டு இறங்குகிறவர்கள் பாதித் தவறுகளைத் தாமாகவே தாண்டிவிடுகிறார்கள்.

1998 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக் தன் முன்கையில் ஒரு சிப் வைத்துக்கொண்டார். அவர் நடந்து வந்தால் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது. உலகம் முழுக்க அது செய்தியானது. அந்தச் சிப்பை வைத்தவர் ஒரு மருத்துவர் என்பதையும், ஒன்பதே நாளில் அதை எடுத்துவிட்டார்கள் என்பதையும் அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

இன்று பரவலாகக் கிடைப்பது, சுமார் 2 மி.மீ. தடிமனும் 12 முதல் 14 மி.மீ. நீளமும் உள்ள கண்ணாடிக் குப்பி. 'அரிசி மணி அளவு' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைவிட நீளம் என்பது கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். உள்ளே ஒரு துளி சிப், அதைச் சேர்ந்த ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. ரீடரின், அதாவது சிப்பைப் படிக்கும் கருவியின், காந்தப்புலத்துக்குள் வந்தால்தான் அதற்கு உயிர் வரும், அதுவும் ஒட்டினாற்போல் வந்தால்தான். அதனால் ஜிபிஎஸ் போல யாரும் உங்களைப் பின்தொடர முடியாது. குழந்தை தொலைந்தால் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து விசாரிப்பவர்களுக்கும் அதே பதில்தான்.

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. வேலை செய்யும் அதிர்வெண்ணை வைத்துச் சிப்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு: 125 கிலோஹெர்ட்ஸ், 13.56 மெகாஹெர்ட்ஸ். செல்போனில் இருக்கும் என்எஃப்சி (அருகில் காட்டினால் படிக்கும் வசதி) இரண்டாவதை மட்டுமே படிக்கும். அலுவலகக் கதவுகளில் பழையவை பலவும் முதல் வகை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திறக்க நினைத்தால் கதவு திறக்காது, கையில் தழும்பு மட்டும் மிஞ்சும். குடும்பம் சரியாக இருந்தாலும், உங்கள் கதவு அட்டையைச் சிப்பில் நகலெடுக்க முடியும் என்று நம்பிவிடாதீர்கள். நல்ல குறியாக்கம் உள்ள அட்டைகளையும் வங்கி அட்டைகளையும் நகலெடுக்க முடியாது. பணம் செலுத்தத் தனியாகவே சிப்கள் வருகின்றன. ஆனால் அவற்றுக்கும் வங்கி அட்டை போலவே காலாவதித் தேதி உண்டு. பிளாஸ்டிக் அட்டை காலாவதியானால் கத்தரித்துக் குப்பையில் போடலாம். கைக்குள் இருப்பதை?

அதனால், நினைத்திருக்கும் அதே வகைச் சிப்பை அட்டை வடிவத்திலோ சாவிக்கொத்து வடிவத்திலோ வாங்கி ஒரு மாதம் பையில் வைத்துப் புழங்குங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அட்டையில் இருப்பது அகலமான, தட்டையான சுருள்; குப்பியில் இருப்பது பென்சிலில் சுற்றியதுபோல் ஒடுங்கியது. அட்டை ஒரு விரல் தூரத்திலேயே படிக்கப்படும் இடத்தில், குப்பியைச் சரியான கோணத்தில் ரீடர் மேலேயே வைக்க வேண்டியிருக்கும். குப்பியையும் உள்ளே போவதற்கு முன் அதே ரீடரில் காட்டிப் பாருங்கள். உறைக்குள், ஊசிக்குள் ஏற்றியே வருகிற குப்பி என்றால் திறக்க முடியாது. அப்போது அதே மாதிரியான இன்னொரு குப்பியை வைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது, நாய்க்குப் போடும் சிப்பைத் தனக்குப் போட்டுக்கொள்வது. சிரிக்க வேண்டாம், விலை குறைவு என்பதால் யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செல்லப்பிராணிச் சிப்கள் பெரும்பாலும் 134.2 கிலோஹெர்ட்ஸில் 15 இலக்க எண் ஒன்றை மட்டும் சொல்லும். எந்தக் கதவும் அதைக் கேட்பதில்லை. அது கூடப் பரவாயில்லை. விலங்கின் உடம்பில் அங்கே இங்கே நகராமல் இருக்க, அவற்றில் பலவற்றின் மேல் திசு பிடித்து வளரும்படி ஒரு பூச்சு இருக்கும். போட்டபின் சதையோடு சதையாகிவிடும். எடுக்கப் போனால் சுற்றியுள்ள சதையையும் வெட்ட வேண்டும். மனிதர்களுக்கென விற்பவற்றில் இந்தப் பூச்சு வேண்டாம் என்று விடுவதற்கு இதுதான் காரணம். கண்ணாடி வழுவழுப்பாகவே இருக்கும். உடம்பு அதைச் சுற்றி ஒரு மெல்லிய நார் உறையைக் கட்டிக்கொள்ளும். என்றைக்காவது கீறினால் வழுக்கிக்கொண்டு வரும்.

கண்ணாடியிலும் வித்தியாசம் உண்டு. உடலுக்குள் வைப்பதற்கென்றே ஷாட் நிறுவனம் 8625 என்ற கண்ணாடி தயாரிக்கிறது. விற்பவரிடம் என்ன கண்ணாடி, எப்படிக் கிருமிநீக்கம் செய்தது, அதற்குத் தேதி உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே வாங்காதீர்கள். கிருமிநீக்கம் செய்யாத குப்பியை வாங்கி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் போதும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஸ்பிரிட்டுக்குச் சாகாத பாக்டீரியா வித்துகள் இருக்கின்றன. ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் போட்டால் அவை சாகும்; ஆனால் அந்தச் சூட்டில் சில சிப்களும் சாகும். ஆலையிலேயே எத்திலீன் ஆக்ஸைடு வாயுவால் கிருமிநீக்கம் செய்து, ஊசியோடு மூடி முத்திரையிட்டு வருவதை வாங்குவதுதான் நிம்மதி.

சரி, யார் போடுவது? நீங்களே இல்லை, உங்கள் நண்பரும் இல்லை. 2 மி.மீ. குப்பி உள்ளே போக வேண்டுமென்றால் ஊசியின் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தடுப்பூசி போடும் ஊசியை மனதில் வைத்திருப்பவர்கள் இந்த ஊசியைப் பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்குவார்கள். பின்வாங்கட்டும், நல்லதுதான்.

கையின் புறப்பக்கத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தளர்ந்த தோல்தான் வழக்கமான இடம். தெரிந்தவர் எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள். முதலில் கையை மூடித் திறக்கச் சொல்வார், கதவுப்பிடி போன்ற ஒன்றை இறுகப் பிடிக்கச் சொல்வார். எங்கே தோல் எலும்போடு நசுங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தை விட்டுப் பேனாவால் கோடு போடுவார். பிறகு தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, ஊசியைத் தோலுக்கு இணையாகப் படுக்கவைத்துச் செலுத்துவார். போக வேண்டியது தோலுக்கும் தசைக்கும் நடுவே. செங்குத்தாகக் குத்தினால் தசைக்குள் போய்விடும். அந்த ஆழத்தில் ரத்தக்குழாய் இருக்கிறது. மேலேயோ நரம்புக் கிளைகள் ஓடுகின்றன. கடைசியில் குப்பியை முன்னால் தள்ளுவதைவிட, அதை இருந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஊசியைப் பின்னால் இழுப்பார். குத்திய துளைக்கு வெகு அருகில் குப்பி நின்றுவிட்டால், ஆறுவதற்குள் அதே வழியாக வெளியே வந்துவிடும்.

உள்ளங்கைப் பக்கம் வைக்கக் கேட்பவர்களும் உண்டு, அட்டையைப் பிடித்துக் காட்டுவதுபோல் இருக்கும் என்று. வேண்டாம். எதைப் பிடித்தாலும் அழுத்தம் விழும் இடம் அது.

உடம்பில் துளையிட்டு அணிகலன் மாட்டும் அனுபவமுள்ள பியர்சிங் கலைஞர்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் மரத்துப்போகும் ஊசி போட அவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஊசியை எடுத்து நீட்டுபவரிடம் இதைப் போட உங்களுக்கு அனுமதி உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். தட்டையான, வளையும் வகைச் சிப்கள் இன்னும் பெரியவை. அவற்றில் பலவற்றுக்குக் கத்தி வைத்துத் தையலும் போட வேண்டியிருக்கும், அதனால் அது மருத்துவர் வேலை. சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு: இதில் ஒன்று இருந்தாலும் குடும்ப மருத்துவரைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்.

போட்டு முடித்த இரவில் எல்லோரும் செய்யும் தவறு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனை வைத்துப் பார்ப்பது. வீக்கம் இருக்கும்போது சரியாகப் படிக்காது. உடனே சிப் பழுது என்று பயந்து, அதைத் தடவி நகர்த்தத் தொடங்குவார்கள். நகர்த்தவே கூடாது. நார் உறை கட்டி அது ஓரிடத்தில் உட்கார இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை பளு தூக்குவது, நீச்சல் குளம் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், கோடுபோல் மேலே ஏறினால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கையில் தசைநார் உறைகளுக்குள் கிருமி புகுந்தால் விரல் மடங்காமலே போகலாம்.

ஆறியபின் வரும் தவறு சத்தமில்லாதது. என்எஃப்சி செயலிகளில் 'லாக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். பாதுகாப்புக்கு நல்லது என்று தட்டிவிடுவார்கள். பல சிப்களில் அந்தப் பூட்டுக்குச் சாவியே கிடையாது. ஒருமுறை பூட்டினால் திரும்பத் திறக்க முடியாது, உள்ளே அன்று எழுதியதுதான் என்றைக்கும். ஒட்டுவில்லை என்றால் வேறொன்றை ஒட்டிக்கொள்ளலாம். இதற்குக் கத்தி வேண்டும்.

சிப்பின் எண்ணை மட்டும் பார்த்துத் திறக்கும் பூட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பதும் வேண்டாம், எண்ணை நகலெடுத்துவிடலாம். உலகெங்கும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் அட்டையின் குறியாக்கத்தையே 2008-ல் நெதர்லாந்தின் ரட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். வீட்டுக் கதவுக்கு எந்த வகையை நம்புகிறீர்கள் என்று யோசியுங்கள்.

அலுவலகம் இலவசமாக வைத்துத் தருகிறது என்றாலும் ஒரு நாள் ஆறப்போடுங்கள். 2017-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் விருப்பத்தின் பேரில் சிப் வைத்துக்கொண்டார்கள். கட்டாயப்படுத்திச் சிப் வைக்கக் கூடாது என்று அதே மாநிலம் 2006-லேயே சட்டம் போட்டிருந்தது. வேலையை விட்டபின் அந்தச் சிப் யாருடையது, எடுக்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் மறக்காமல் சொல்ல வேண்டும். 2004-ல் வெரிசிப் என்ற மனிதச் சிப்புக்கு அனுமதி தந்தபோது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எழுதிய ஆபத்துப் பட்டியலில் திசு எதிர்வினை, சிப் நகர்தல், தகவல் கசிவு ஆகியவற்றோடு எம்.ஆர்.ஐ.யும் இருந்தது. விரல்நுனித் தோலுக்குள் காந்தம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட அதிக எச்சரிக்கை தேவை.

எடுக்கும் நாள் வந்தால், நேராக வைக்கப்பட்ட வழுவழுப்பான குப்பிக்கு மரத்துப்போகும் ஊசியும் ஒரு சிறு கீறலும் போதும். நீங்களே பிதுக்கிப் பார்க்காதீர்கள், உடைந்தால் அது கண்ணாடி. உள்ளே இருப்பது என்ன மாதிரி, எந்த அளவு, பூச்சு உண்டா, என்று வைத்தது என்பதை எழுதி, உறையில் இருந்த சீட்டோடு ஒரு கோப்பில் வையுங்கள். அதைச் சிப்பிலேயே எழுதிவைக்கலாமே என்று தோன்றும். படிக்க முடியாமல் போன சிப்பைத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும்.