மாரிக்கு டொப்பும் சுவெட்டரும் எடுக்க முன்

கச்சான் காற்று அடங்கி, ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கினால் நம்மூர் புடவைக் கடைகளில் சுவெட்டரும் கார்டிகனும் முன்னுக்கு வந்துவிடும். தீபாவளிக்கு உடுப்பு எடுக்கப் போன இடத்தில் நாமும் ஒன்றைத் தொட்டுப் பார்ப்போம், மெத்தென்று இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். மட்டக்களப்பு மாரிக்கு அப்படி எடுக்கக் கூடாது. எவ்வளவு சூடு தரும் என்று பார்ப்பதற்கு முதல், இதைத் தோய்த்தால் எப்போது காயும் என்று கேளுங்கள்.

ஏனென்றால் நமக்கு உண்மையான குளிர் கிடையாது. டிசம்பர், ஜனவரி இரவில்கூட வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. நமக்குக் குளிர்வது ஈரமும் காற்றும் சேரும்போதுதான். காலை ஏழு மணிக்குத் தூறலில் ஸ்கூட்டியில் கல்லடிப் பாலம் ஏறிப் பாருங்கள், வாவிக் காற்று சட்டைக் கைக்குள்ளால் புகுந்து கழுத்தால் வெளியே வரும். பாலம் இறங்கி ஐந்து நிமிடத்தில் புழுங்கத் தொடங்கிவிடும். பிறகு கந்தோரில் ஏசி, மத்தியானம் கரண்ட் போனால் வியர்வை, இரவு கொழும்பு பஸ்ஸில் திரும்பவும் ஏசி. ஒரே நாளில் நாலு காலநிலை. இதற்கு ஒரு மொத்தச் சுவெட்டர் உதவாது, மெல்லிசாக இரண்டு உடுப்பு, போடவும் கழற்றவும் வசதியாக இருந்தால் போதும்.

நான் இதைக் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு வருடம் நல்ல மொத்தமான கொட்டன் சுவெட்டர் ஒன்று, தலையால் போடுகிற வகை, ஆசைப்பட்டு எடுத்தேன். நவம்பரில் தோய்த்துக் கொடியில் போட்ட அன்றிலிருந்து ஐந்து நாள் விடாத மழை. நனைந்த பாரத்திலேயே இரண்டு கையும் நாலு விரல் நீண்டுவிட்டன. ஆறாம் நாள் எடுத்துப் பார்த்தால் கமக்கட்டுப் பக்கம் மிளகு தூவினதுபோலப் பூஞ்சணம். எங்கள் ஒழுங்கையில் தைக்கிற அக்கா அதைக் கையில் வாங்கி ஒருமுறை பிழிந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "புள்ள, இது மாரிக்கு வந்த உடுப்பில்ல, வெயிலுக்குத் தோய்ச்சுப் போடுற உடுப்பு." அன்றிலிருந்து கடையில் எதை எடுத்தாலும் முதலில் கைக்குள் பொத்திப் பார்க்கிறேன். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் துணி மின்விசிறிக் காற்றில் ஒரு இரவில் காயும். கைக்குள் அடங்காமல் பிதுங்கினால் நம் வீட்டு விறாந்தையில் அது காய்வதற்கு மூன்று நாள் பிடிக்கும்.

துணியைக் கிட்ட வைத்துப் பாருங்கள்

உடுப்புத் துணி இரண்டு வகை. நெய்தது, பின்னியது. நெய்த துணியில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், இழுத்தால் பெரிதாக விரியாது. பிளவுஸ், சேர்ட், கைத்தறி எல்லாம் இதுதான். பின்னிய துணியில் ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோர்த்துப் போகும், அதனால்தான் ரீசேர்ட்டும் சுவெட்டரும் உடம்போடு இழுபடுகின்றன. ஒரு ரீசேர்ட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால் வெளிப்பக்கம் சின்னச் சின்ன V எழுத்து வரிசை வரிசையாகத் தெரியும், உட்பக்கம் அரைவட்டங்கள். இது சாதாரண ஜேர்சி. வெட்டின விளிம்பு சுருண்டுகொள்ளும், மலிவானது என்றால் தோய்க்கத் தோய்க்க ஒரு பக்கம் முறுகும். உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருந்தால் அது இன்டர்லொக். கொஞ்சம் பாரம் கூட, ஆனால் சுருளாது, உடம்பைக் காட்டாது, கந்தோருக்குப் போட நல்ல டொப் வேண்டுமென்றால் இதைத் தேடுங்கள். மேடு பள்ளமாகக் கோடு ஓடினால் ரிப். ரிப் டொப் மெல்லிசாக உடம்போடு நிற்பதால் கார்டிகனுக்கு உள்ளே போட அதைப்போல வசதியானது வேறில்லை.

அடுத்தது நூல். லேபலைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். தனிக் கொட்டன் உடம்புக்கு இதம், ஆனால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தனிப் பொலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது, அதனால் சீக்கிரம் காயும், வியர்வையையும் உள்ளே விடாததால் உடம்போடு ஒட்டும், மணக்கும். மாரி டொப்புக்கு நான் தேடுவது இரண்டும் கலந்தது, கொட்டன் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் நூற்றுக்கு 5 அளவில் சேர்ந்திருந்தால் முழங்கையும் கழுத்தும் தொங்காது. விஸ்கோஸ், ரேயோன் என்று வருவது கையில் வழுகிக்கொண்டு அழகாக விழும், கடையில் பார்த்தால் விட மனம் வராது. ஆனால் விஸ்கோஸ் நூல் நனைந்தால் பலம் இழக்கும். ஈரத்தோடு பிழிந்து முறுக்கினாலோ கொடியில் தூக்கித் தொங்கப்போட்டாலோ வடிவம் கெட்டுவிடும். ஒன்று வைத்திருக்கலாம், விசேடத்துக்கு, தினமும் போட அல்ல.

சுவெட்டரில் நம் கடைகளுக்கு அதிகம் வருவது அக்ரிலிக். மலிவு, நிறம் போகாது, கொட்டனைவிடச் சீக்கிரம் காயும். குறை என்னவென்றால் உரசுகிற இடங்களில் சின்னச் சின்ன உருண்டையாகத் திரளும், கைப்பை படுகிற இடுப்பும் கையின் உட்பக்கமும்தான் முதலில் கெடும். கடையிலேயே துணியோடு துணியை இருபது தரம் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள். கம்பளி நமக்கு இங்கே தேவையில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

டொப் எடுக்கும்போது

நிறத்தில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் மழையில் மானம் காப்பது நிறம். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் நனைந்தால் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். சாம்பல் நிறத்தில் கலவை நூல் டொப் அழகு, ஆனால் ஒரு துளி தண்ணீரும் வியர்வையும் கறுப்பாகப் படம் வரைந்து காட்டும். கடும் நீலம், அரக்கு, இலைப் பச்சை, கோப்பி நிறம் இவைதான் தூறலுக்கும் சேற்றுத் தெறிப்புக்கும் தாங்கும். சின்னப் பூப் போட்டது இன்னும் நல்லது, ஈரப் பொட்டுகள் பூவோடு பூவாகப் போய்விடும்.

கை, முக்கால் கை. முழுக்கை நனைந்த குடையைப் பிடித்தாலே ஈரமாகிவிடும், பிறகு பின்னேரம் வரைக்கும் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டைக் கையில் பாலத்துக் காற்று தாங்காது. முக்கால் கைக்கு மேலே கார்டிகன் போட்டாலும் திரளாமல் நிற்கும். தோள் கீழே இறங்கித் தொங்கும் மாதிரியும், பலூன் கையும் தனியாகப் போட அழகுதான், ஆனால் சுவெட்டருக்குள் திணித்தால் தோளில் இரண்டு பொட்டலம் கட்டினது மாதிரி இருக்கும். இரண்டுக்கும் உதவ வேண்டும் என்றால் தோள் தையல் தோள் எலும்பிலேயே நிற்கும் டொப்பாகப் பாருங்கள்.

நீளம் இடுப்பு எலும்புக்கு நாலு விரல் கீழே இறங்கினால் ஜீன்ஸுக்கும் பாவாடைக்கும் ஒத்துவரும், பாவாடைக்குள் செருகவும் முடியும். தொடை வரை இறங்கும் நீளம் லெகிங்ஸோடு மட்டும்தான் சேரும்.

இங்கே ஒரு சொல், மருதமுனைக் கைத்தறியை மறந்துவிடாதீர்கள். அங்கே சாரனும் சாரியும் நெய்கிறார்கள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். மெல்லிய கைத்தறிக் கொட்டனில் இரண்டு மீற்றர் வாங்கி, உங்கள் தையல் அக்காவிடம் முக்கால் கையும் பக்கவாட்டில் வெட்டும் வைத்து ஒரு தளர்ந்த டொப் தைத்துப் பாருங்கள். தைக்க முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே கை ஏறிவிடும். காற்றுப் போய்வரும், மெல்லிய நெசவு என்பதால் மொத்தக் கொட்டனை விடச் சீக்கிரம் காயும், கல்முனைக் கடைத்தெருவில் யாரும் இதே மாதிரி போட்டுக்கொண்டு எதிரில் வரப்போவதும் இல்லை.

சுவெட்டர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

கார்டிகன் எடுங்கள். முன்பக்கம் திறக்கிற வகை, மெல்லிய பின்னல், இடுப்பு வரை. தலையால் போடுகிறதைப் பஸ்ஸுக்குள் கழற்ற முடியாது, முக்காடு போட்டிருப்பவர்களுக்கு அது இன்னும் கஷ்டம். கார்டிகனைப் பொத்தான் போட்டால் சுவெட்டர், திறந்தால் மேலங்கி, தோளில் போட்டால் சால்வை, சுருட்டினால் பஸ்ஸில் தலையணை.

போட்டுப் பார்க்கப் போகும்போது உங்களிடம் இருக்கும் டொப்பிலேயே தளர்ந்ததைப் போட்டுக்கொண்டு போங்கள். அதற்கு மேலே கார்டிகனைப் போட்டு இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டுங்கள், ஸ்கூட்டி பிடிக்கிறதுபோல. முதுகு இழுத்தால் சைஸ் போதாது. பொத்தானைப் பூட்டிக்கொண்டு உட்காருங்கள், பொத்தானுக்கு இடையில் வாய் திறந்தால் அதுவும் போதாது. அப்புறம் கழற்றிக் கைவிளிம்பு ரிப்பை நன்றாக இழுத்து விடுங்கள், உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அசமந்தமாகத் திரும்பினால் ஒரு மாதத்தில் அது மணிக்கட்டைவிட்டுத் தொங்கும். உள்ளே திருப்பித் தோள் தையலைப் பாருங்கள், ஒரு நாடா வைத்துத் தைத்திருந்தால் தோள் இழுபடாது. பொத்தான் பட்டிக்குப் பின்னாலும் ஒரு நாடா இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை, விட்ட கண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம், பின்னலில் ஒரு கண்ணி விட்டால் அது கீழே வரைக்கும் ஓடும்.

ஏற்றுமதியில் மிஞ்சியது என்று விற்கிற கடைகளில் நல்ல சாமான் கிடைக்கும். வெளிநாட்டு இலையுதிர்காலத்துக்கு என்று தைத்த மெல்லிய சுவெட்டர்கள் நம் மாரிக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஏதோ ஒரு பிழைக்காகக் கழித்ததும் அதற்குள் இருக்கும். பக்கத் தையல் கமக்கட்டிலிருந்து நேராக இறங்குகிறதா, முன்னுக்கு முறுகிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் சேர்த்து வைத்து நீளம் அளந்து பாருங்கள். உங்கள் வீட்டில் காமன்டில் வேலை செய்யும் தங்கச்சி, மச்சாள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், நாம் அரை மணித்தியாலம் தேடுகிற பிழையை அவர்கள் ஒரு தரம் திருப்பிப் பார்த்தே பிடிப்பார்கள்.

சாரி கட்டும் ரீச்சர்மாருக்கு, கார்டிகன் நீளம் சாரி மடிப்புச் செருகும் இடத்தோடு நின்றுவிட வேண்டும், V கழுத்தாக இருந்தால் முந்தானை நசியாது. அபாயா போடுகிறவர்கள் மேலே சுவெட்டர் தேடுவதைவிட உள்ளே ஒரு மெல்லிய முழுக்கை ரிப் டொப் போடுவது நல்லது.

மலைநாட்டுக்கும் வெளிநாட்டுக்கும்

செங்கலடியில் பஸ் ஏறி பிபிலை தாண்டி, லுணுகலைப் பக்கம் மலை ஏறும்போதுதான் நமக்குச் சுவெட்டர் என்றால் என்ன என்று தெரியும். பண்டாரவளை, நுவரெலியா போகிறவர்கள் அங்கே போட மட்டும் ஒரு மொத்தச் சுவெட்டர் வாங்க வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், டிசம்பர், ஜனவரி இரவில் 10 பாகைக்கும் கீழே போகும், என்றாலும் உள்ளே ரிப் டொப், மேலே இன்டர்லொக் டொப், அதற்கு மேலே கார்டிகன், கழுத்தில் ஒரு சால்வை, காற்றுக்கு மழைச் சட்டை என்று அடுக்கினால் பெரும்பாலானோருக்குச் சமாளிக்கலாம். அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒக்டோபரில் ரொறன்ரோவில் பகல் 14 பாகை அளவு, இரவு 7 பாகை அளவு, லண்டனும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே குளிர், வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் ஹீட்டர். இங்கே ஏசிக்குப் போட்டுக் கழற்றினதுபோல அங்கே வெளியே போட்டு உள்ளே கழற்ற வேண்டியிருக்கும். அதனால் நம் மாரி டொப்புகளையே பெட்டிக்குள் வையுங்கள், கார்டிகனையும் வையுங்கள், கம்பளிச் சுவெட்டரை மட்டும் அங்கே போய் எடுங்கள். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூடு கொடுக்கும், ஆனால் சுடுதண்ணீரில் அலசித் தேய்த்தால் சின்னப் பிள்ளைச் சட்டையாகிவிடும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அமுக்கித்தான் தோய்க்க வேண்டும்.

காயவைப்பது

கார்டிகனைக் கொடியில் தொங்கப்போடவே வேண்டாம். பிழிந்து முறுக்காமல் ஒரு காய்ந்த துவாயில் விரித்து, துவாயோடு பாயைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி, முழங்காலால் நன்றாக அமத்துங்கள். பாதித் தண்ணீர் துவாய்க்குப் போய்விடும். பிறகு பன்பாயில் அதன் வடிவத்துக்கு விரித்து, கையை நேராக்கி, மின்விசிறிக்குக் கீழே விடுங்கள், நடுவில் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். டொப்புகளைத் தொங்கப்போடலாம், ஹேங்கரில் போட்டுக் கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டால் கமக்கட்டும் காயும். மழை விட்டு ஒரு மணித்தியாலம் வெயில் எறித்தாலும் அலுமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். பெப்ரவரியில் மாரி முடிந்ததும் சுவெட்டரைத் தோய்த்து, நிழலில் முழுதாகக் காயவைத்து, மடித்து, இடையில் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்தால் அடுத்த ஒக்டோபரில் மணக்காமல் எடுக்கலாம்.