இடி முழக்கத்துக்கு முன்னும் பின்னும்

யாழ்ப்பாணத்தில் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழை கூட. வானம் கறுக்கும்போதே ரிவி, ரவுட்டர், பிரிட்ஜ் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது. அதற்குள் இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளியை மின்னல் இலேசாகத் தாண்டிவிடும். அந்தனா வயரையும் உருவி வையுங்கள். பலர் மறப்பது கிணற்று மோட்டரை. வளவுக்குள்ளால் ஓடும் அதன் வயர் வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரும்.

ட்ரிப் சுவிட்ச் மின்கசிவுக்கானது, மின்னலுக்கு உதவாது. சேர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) பூட்டினாலும், அதை நிலத்துக்குள் இறக்கும் எர்த் சரியாக இருக்கவேண்டும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். நிலத்தில் அடிக்கும் எர்த் கம்பி கல்லில் முட்டிப் பாதியில் நின்றால் மிச்சத்தை வெட்டிவிடுகிற 'கெட்டிக்காரர்' இருக்கிறார்கள். எர்த் தடையை அளப்பியுங்கள், 10 ஓமுக்குள் இருப்பது நல்லது.

மின்னி 3 செக்கனில் முழங்கினால் தூரம் ஏறக்குறைய 1 கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் கேட்டால் வீட்டுக்குள் வாருங்கள். பனையடியில் ஒதுங்கவேண்டாம்: மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் பாயும். முழக்கம் தொடங்கியபின் பிளக்கைத் தொடாதீர்கள். கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடத்துக்குக் குளிப்பும் கிணற்றடியும் வேண்டாம்.

அடிபட்டவரின் உடம்பில் மின்சாரம் தங்காது, பயமில்லாமல் தொடலாம். 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், மூச்சில்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை.