வைர உணரியால் பற்றரி பார்க்கிறவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை பரந்தனில் என் தகரக் கொட்டிலுக்கு இரண்டு பெடியன்கள் மடிகணினியோடு வந்தார்கள். "அண்ணை, ஒண்டும் பூட்டேல்லை, ஆனா பற்றரியில கறண்ட் ஓடுது." வரைபடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே எரிச்சலும். வயரை மாறிப் பூட்டுவது, லேசருக்குக் கண்ணாடி போடாதது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

ஒற்றைக் கோட்டின் பின்னால் போவது

கறண்ட் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். வைர உணரி பார்ப்பது அதைத்தான். வைரத்தில் ஒரு காபன் அணுவின் இடத்தில் நைதரசன், அதன் பக்கத்தில் ஒரு வெற்றிடம். பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹேர்ட்ஸ் நுண்ணலை கொடுத்தால் அந்த ஒளி மங்கும். காந்தப்புலம் வந்தால் அந்த மங்கல் இரண்டு கோடாகப் பிரிந்து, ஒரு மைக்ரோ டெஸ்லாவுக்கு 28 கிலோஹேர்ட்ஸ் வீதம் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். சூடு அப்படியல்ல. ஒரு பாகை கூடினால் இரண்டு கோடும் ஏறக்குறைய 74 கிலோஹேர்ட்ஸ் சேர்ந்தே இறங்கும். இடைவெளி புலத்தைச் சொல்லும், நடு வெப்பத்தைச் சொல்லும்.

வேலை கெதியாக முடியட்டும் என்று நானும் ஒருகாலம் ஒரு கோட்டைத்தான் பார்த்தேன். காலையில் பூச்சியம். மத்தியானம் தகரம் கொதித்து, கொட்டில் பத்துப் பாகை ஏறியதும் 26 மைக்ரோ டெஸ்லா "புலம்". மின்கம்பியில் இருந்து ஒரு சென்ரிமீற்றரில் ஒரு அம்பியர் தருவதே 20தான்! செல் பழுதாகிக் கறண்ட் ஒழுகுது என்று முடிவுகட்டி, பற்றரிப் பொதியைக் கழற்றி, கொழும்பில் இருந்து புதுச் செல் எடுப்பித்து மாற்றினேன். வெயில் சாய 'ஒழுக்கு' நின்றது. திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. கழற்றிய செல்கள் இன்னும் அலுமாரியில் நல்லாயிருக்கின்றன.

பெடியன்களிடம் இரண்டு கிழமைத் தரவு இருந்தது. மற்றக் கோட்டைப் பதியவேயில்லை. ஒன்றும் மீட்கேலாது.

ஒரே வைரம்

பக்கத்து வளவில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் திரும்பினாலும் அதன் இரும்பால் அளவு ஆடும். தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தார் 2022இல் மின்கடத்திப் பட்டையின் இரு பக்கமும் ஒவ்வொரு வைரம் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார்கள். வெளியிலிருந்து வரும் புலம் இரண்டிலும் ஒன்று, அதனால் கழிந்துபோகும். வழமையான வாகன உணரி ஒரு அம்பியரளவில் தடுமாற, அவர்கள் 10 மில்லி அம்பியரைப் பிரித்தறிந்தார்கள். ஆனால் ஒரு வைரம் வெயில் பக்கமும் மற்றது நிழலிலும் இருந்தால் பழைய கதைதான்.

இரும்பு ஸ்குரூ

இரும்பு பக்கத்துக் காந்தப்புலத்தைக் குழப்பும். பித்தளை பாவியுங்கள்.

லேசரைக் கூட்டுவது

ஒளி கூடும். வைரமும் சுடும். மேலே போய்த் திரும்ப வாசியுங்கள்.

வைரம் சார்ஜைச் சொல்லும் என்று நம்புவது

அது சொல்வது கறண்டை மட்டும். மிச்சம் நேரத்தோடு கூட்டிப் பார்க்கும் கணக்கு. ஒரு அம்பியர் பிழை பத்து மணித்தியாலத்தில் பத்து அம்பியர்-மணி ஆகிவிடும்.