ஒடினின் லாயம் வாவிக்கரையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ, பிறருடைய குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரிக்கும் லாயத்தை, வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் புராணப் பாணியில் அமைக்க நினைத்தால், முதல் தவறு கட்டிடத்திலேயே வரும். கறுத்த பலகைச் சுவர், சின்ன ஜன்னல், தாழ்ந்த கூரை என்று வைக்கிங் மண்டபத்தை அப்படியே எழுப்ப ஆசை வரும். அது பனிக்குக் கட்டிய மண்டபம். கச்சான் காற்று வீசும் ஆடியில் இங்கே அது சூளைதான்.

வழியை அந்தப் புராணமே சொல்கிறது. சூரியனின் தேரை இழுக்கும் ஆர்வாக்ர், அல்ஸ்வித்ர் என்ற குதிரைகள் சூட்டில் வாடாமல் இருக்க, தேவர்கள் அவற்றின் தோள்களுக்குக் கீழே துருத்தி வைத்தார்களாம். ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கதை. ஆகவே காற்றுக்கு முதலிடம் கொடுங்கள்: உயரமான கூரை, இருபக்கமும் திறப்பு, ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட கரை இது, கூரையை இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் புராணத்தின் தலைமைக் கடவுள் ஒடினின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிரை வாசல் தூணில் செதுக்கலாம். கேடயம், ஈட்டி என்று கூர்மையான எதையும் குதிரை நிற்கும் அறைக்குள் மாட்டாதீர்கள்.

வால்ஹல்லா என்று பெயர் வைக்க வேண்டாம். போரில் மாண்டவர்கள் சேரும் மண்டபம் அது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் உள்ள ஊரில் அதை அலங்காரப் பெயராக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்லெய்ப்னிரின் வழிவந்த குதிரை கிரானி; அந்தப் பெயர் லாயத்துக்குப் பொருந்தும்.

உயிரைப் பறிக்கும் தவறு தீனியில் இருக்கிறது. மாடு வளர்த்த பழக்கத்தைக் குதிரைக்கும் போடுவோம். குதிரையின் இரைப்பை சிறியது, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. வைக்கோலை மட்டும் திணித்தால் குடல் அடைத்துக்கொள்ளும். தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. கினியாப் புல்லில் உள்ள ஒக்சலேட் என்ற உப்பு அந்தக் கொஞ்சக் கல்சியத்தையும் உடலில் சேரவிடாது. மாதக்கணக்கில் இப்படியே போனால் முகத்து எலும்பு வீங்கும், கால் நொண்டும். சில மாட்டுத்தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். பையில் எழுதியிருப்பதை வாசிக்காமல் அவிழ்க்காதீர்கள்.

கடற்கரை மணலில் தீனியைக் கொட்டுவதும் அப்படித்தான். புல்லோடு போகும் மணல் குடலில் படியும். தொட்டியில் வையுங்கள். முன்காலால் நிலத்தைப் பறாண்டி, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்து, லத்தி போடாமல் நிற்கிற குதிரைக்கு வயிற்றுவலி. விடியட்டும் என்று காத்திருக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

வாவித் தண்ணீர் உவர், குடிக்கக் கொடுக்காதீர்கள். சாதாரண நாளிலேயே ஒரு குதிரை 25 முதல் 45 லீற்றர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற பேச்சை நம்பாதீர்கள். ஊற்றுங்கள், மறுபடி மறுபடி ஊற்றுங்கள்.

ஏற்புவலித் தடுப்பூசி அட்டை இல்லாத குதிரையை உள்ளே எடுக்காதீர்கள். உரிமையாளர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். நள்ளிரவில் வைத்தியச் செலவு எதுவரை போகலாம், பிழைக்காது என்றால் முடிவெடுப்பது யார் என்பதையெல்லாம் குதிரை லொறியிலிருந்து இறங்குமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.