வீட்டு எறும்புகளை இனம் காண்பது எப்படி?

எறும்பை நிறத்தை மட்டும் வைத்து இனம் காண முயன்றால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம். அது ஓடும் விதத்தையும் இடுப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில் சிறிது சர்க்கரைப் பாகைத் தடவிச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, வந்து மொய்ப்பவற்றைக் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

நீண்ட கால்களோடு, வரிசையில் அடங்காமல் தாறுமாறாக ஓடும் சிறிய கறுப்பு எறும்புதான், கடிக்காது என்று நாம் விட்டுவைக்கும் பிள்ளையார் எறும்பு. கட்டெறும்பை அதன் பருமனே சொல்லிவிடும். அதற்குக் கொடுக்கு கிடையாது. தாடையால் கவ்விய இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சுவதால்தான் எரிகிறது.

உண்மையில் குழப்புபவை 2 மில்லிமீட்டர் அளவுள்ள பொடி எறும்புகளே. வயிறும் கால்களும் வெளிறி, வெள்ளை டைல்ஸின் மேல் கருந்தலை மட்டும் ஊர்வதுபோலத் தோன்றினால் அது பேய் எறும்பு. நசுக்கினால் கெட்டுப்போன தேங்காயின் வாடை வரும். உடல் மஞ்சளாகவும் இடுப்பில் இரண்டு கணுக்களுடனும் இருந்தால் பார்வோன் எறும்பு. இதன்மீது மருந்து தெளித்தால் கூட்டம் சிதறிப் பல கூடுகளாகப் பெருகிவிடும் என்பதால், இதை மட்டுமாவது சரியாக அடையாளம் காண்பது அவசியம். நெருப்பெறும்புக்கும் அதே இரண்டு கணுக்கள் உண்டு என்றாலும், அதன் வரிசையில் சிறியவற்றோடு பெருந்தலை எறும்புகளும் கலந்து செல்லும். கொட்டினால் தீப்பட்டதுபோல் எரியும்.