எடைக் குறைப்பு ஆபரேஷன்: வீட்டில் இருப்பவர்கள் தயாராவது எப்படி

தண்டையார்பேட்டையில் என் தம்பிக்கு எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நான். அதனால் தெருவில் யாருக்கு அந்த யோசனை வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்ளோ குறையும்?" ஓரிரு வருடத்தில் பொதுவாக உடல் எடையில் கால் பங்கு, பைபாஸ் (இதயத்துக்குச் செய்வது அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) என்றால் இன்னும் கொஞ்சம் கூட. அப்புறம் பலருக்குச் சில கிலோ திரும்பவும் ஏறும். சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாம் குறைவதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள், மறுபடி சேர்க்க முடியாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தால் அதிகமாகலாம், அதை மறைக்காமல் சொல்லுங்கள். 2025-ல் இங்கே வந்த, எடை குறைக்கும் வாராந்திர ஊசிகளைப் பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் சில வாரங்கள்தான் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய நேரம். வெட்டித் தைத்த இடத்தில் கசிவு வரலாம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பீரோவில் கிடக்கும், எடுத்து வையுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே துடிப்பு 120-ஐத் தாண்டினால், காய்ச்சல், வயிற்றிலோ இடது தோளிலோ வலி, மூச்சு வாங்கல், ஒரு கால் மட்டும் வீக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆபரேஷன் செய்த இடத்துக்கே போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூச்சு முட்டினால் 108.

பக்கத்து கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்பார்கள். நாள் கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை, நரம்பு பாதிக்கலாம். ஆபரேஷன் ஆனவர் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரை, ஊசி எதையும் கேட்காமல் போடாதீர்கள், புண் வரும். பீடி, சிகரெட்டும் அப்படித்தான். சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டிஸ்சார்ஜ் அன்றே புது அளவை எழுதி வாங்குங்கள்.

சாப்பாடு முதலில் தண்ணீர் பதத்தில், பிறகு மசித்தது, அப்புறம்தான் கெட்டியாக. எங்கள் வீட்டில் காசிமேட்டு மீன்தான் கைகொடுத்தது. முள் நீக்கிய சங்கராவை அவித்து, நசுக்கி, ஸ்பூன் ஸ்பூனாக. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும், இல்லையென்றால் சதையும் சேர்ந்து கரையும். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுப்பா" என்று வற்புறுத்தும் அத்தைகளை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

மூணு மாதம் வாக்கில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் வருடாந்திர ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் உண்டு, எடை குறைந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. பெண்கள் என்றால் குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கரு தரிப்பது சுலபமாகிவிடும், பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமலும் போகலாம். வேறு வழி என்ன என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.